ஜப்பான் துரையின் காருக்கு நான் தைத்த கிளிக்கூரை

ஒரு பெண்ணிடம் தையல் மெஷின் இருந்தால் அவளுக்குத் தைக்கத் தெரியும் என்று ஊர் நம்பிவிடுகிறது. அதில் தப்பில்லை. அந்தப் பெண்ணும் சேர்ந்து நம்பிவிடும்போதுதான் ஆபத்து.

நான் நம்பினேன். கல்யாணமாகி மலாயாவில் கோலா பிலா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது, என் சீதனத்தோடு கையால் சுற்றும் மெஷின் ஒன்றும் வந்தது. அம்பாங்கானில் மளிகைக்கடை வைத்திருந்த என் அப்பா, ஊருக்குத் திரும்பிய ஒரு சீனத் தையற்காரரிடம் வாங்கியது. அதில் எனக்கு நேராகத் தைக்க வரும். தலையணை உறை அருமையாகத் தைப்பேன், நான்கு பக்கமும் நேர்கோடு என்பதால். கழுத்து வளைப்பது, கை வைப்பது எல்லாம் கடவுள் விட்ட வழி. நான் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்ட பெண்கள், கையை முழுதாகத் தூக்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டார்கள். (மாரியம்மன் கோவிலில் தலைக்கு மேல் கைகூப்ப முடியாமல் நெஞ்சுக்கு நேரே கும்பிட்டவர்கள் என் வாடிக்கைக்காரர்கள்.) இருந்தாலும் யாராவது கேட்டால், "இதெல்லாம் ஒரு வேலையாக்கா?" என்பேன்.

என் பெயர் செல்லம், என் வீட்டுக்காரர் பெயர் ராசு. தோட்டத்துப் பெரிய துரையிடம் டிரைவர். துரையின் கறுப்புக் காரை அவர் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால், புதுப்பெண்டாட்டியான எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும். அந்தக் காருக்கும் நன்றி கிடையாது. ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரர்கள் எல்லாம் தெற்கே ஓடிய அன்று பார்த்துக் கிளம்ப மாட்டேன் என்றுவிட்டது. துரையும் துரைசானியும் ஒரு லாரியில் ஏறிப் போனார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் பங்களா காலி. நான் யாரையும் குறை சொல்லவில்லை, எல்லாரும்தான் எடுத்தோம். வேலைக்கு ஆள் மேய்க்கும் மண்டோர் சின்னையா குளியல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தார். ஆனால் உண்மையான புதையல் ஸ்டோர் அறையில் இருந்தது. துரைசானி ஜன்னல் திரைகளை மாற்றுவதற்காகச் சீமையிலிருந்து வரவழைத்திருந்த துணி, பிரிக்காத சுருளாக ஆள் உயரத்துக்கு நின்றது. வெளிர் நீலத் துணி. அதில் இலைகளுக்கு நடுவே சிவப்பு மூக்கோடு கொழுத்த பச்சைக்கிளிகள். அந்தச் சுருளை எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்து வாசலில் உருட்டிவிட, அது ஒவ்வொரு வீடாக இளைத்துக்கொண்டே போய்க் கடைசி வீட்டில் கட்டையாக நின்றது. பங்களா சாவி என் வீட்டுக்காரரிடம் இருந்த மரியாதையில் எங்களுக்கு மட்டும், ஏற்கெனவே தைத்து முன் அறையில் மாட்டியிருந்த இரண்டு பெரிய கிளித்திரைகள் கிடைத்தன.

அதற்கப்புறம் துணி என்பதையே மலாயா மறந்துவிட்டது. கடையில் ஒரு முழம் கிடையாது. இருந்த வேட்டி சேலை எல்லாம் கிழிந்து, ஆணும் பெண்ணும் அரிசிச் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். கிளித்துணியில் தைத்தது மட்டும் நல்ல நாளுக்கென்று பெட்டிக்குள் இருந்தது. வேலைக்குச் சாக்கு, திருவிழாவுக்குக் கிளி. வெள்ளைக்காரன் சொத்து இனி தங்கள் ராஜாவின் சொத்து என்று ஜப்பான்காரர்கள் அறிவித்திருந்தார்கள். அதில் கை வைத்தவர்களுக்கு என்ன நடக்கும் என்பதையும் டவுன் முச்சந்தியில் எல்லாரும் பார்க்கும்படி வைத்துக் காட்டியிருந்தார்கள். முதலில் பயந்துதான் கிளிகளை ஒளித்தோம். ஆனால் எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்த அதிகாரி லயத்துப் பக்கமே எட்டிப் பார்க்காததால், பயம் தானாகத் தேய்ந்துபோனது.

அந்த அதிகாரியின் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. எப்போதும் தொப்பியோடு இருப்பதால் தொப்பி துரை என்றே வைத்துவிட்டோம். டவுனில் தங்கியிருந்தார். என் வீட்டுக்காரர் ரிப்பேர் செய்து கிளப்பிய அந்தக் கறுப்புக் காரில்தான் வருவார், போவார்.

அந்தக் காரின் உள்கூரைத் துணிதான் எங்கள் விதி. மழைத்தண்ணீர் இறங்கி இறங்கி நூல் இற்றுப்போய், சினைமாட்டு வயிறு மாதிரி துணி கீழே தொங்க ஆரம்பித்தது. தொங்கிய வயிறு சரியாகத் தொப்பி துரையின் தொப்பிமேல் வந்து உட்காரும். கார் பள்ளத்தில் இறங்கினால் தொப்பி கண்ணுக்கு இறங்கும். ஒருநாள் பாலத்துக் காவலில் நின்ற சிப்பாய்கள் விறைப்பாக சல்யூட் அடித்த நேரத்தில், தொப்பி மூக்கு வரைக்கும் இறங்கிவிட்டது. சிப்பாய்கள் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு தொப்பி துரைக்குத் தெரிந்துவிட்டது. அறை விழுந்தது என் வீட்டுக்காரருக்கு.

அதோடு விடவில்லை. சிரம்பானிலிருந்து பெரிய அதிகாரி தோட்டத்தைப் பார்க்க வருகிறார், அவரை இந்தக் காரில்தான் அழைத்து வரவேண்டும், அதற்குள் கூரை சரியாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவை சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் அனுப்பும்போது முதல் ஆள் நீதான் என்றார். சயாமுக்குப் போனவர்கள் யாரும் அதுவரை திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. டிரைவர் என்பதால்தான் இவரை விட்டு வைத்திருந்தார்கள்.

இவர் வந்து சொன்னபோது தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் அவர் சொன்ன கடைசி வார்த்தைதான் என்னை நிமிர்த்தியது.

"எம் பொஞ்சாதிக்கு எல்லாம் தைக்கத் தெரியும்னு சொல்லிட்டு வந்துட்டேன் செல்லம்."

"காடிக்கு மேத்துணிதானே? இதெல்லாம் ஒரு வேலையாங்க?" என்றேன். (வாயில் அடித்திருக்க வேண்டும். அவர் நல்ல மனிதர், அடிக்கவில்லை.)

தைப்பது கிடக்கட்டும், எதைத் தைப்பது? அடுத்த சில நாட்கள் எங்கள் வீட்டில் நடந்தது துணித் தேர்வு. கட்டிலைக் கவிழ்த்து, அதன் கால்களில் துணியை இழுத்துக் கட்டி, கீழே இவரை உட்கார வைப்பேன். இவர்தான் தொப்பி துரை. தலையில் ஈயக்கிண்ணம்.

முதலில் சாக்கு. அது நிறைய இருந்தது, உறுதியானது. ஆனால் கட்டிலை நான் ஆட்டியதும் தூசியும் நாரும் பொலபொலவென்று கொட்டி, இவர் தும்மிய தும்மலில் கிண்ணம் அடுப்படி வரைக்கும் உருண்டது. பெரிய அதிகாரி தும்மினால் யாரை அறைவார் என்று யோசித்துச் சாக்கை விட்டோம்.

அடுத்தது கொசுவலை. கனமே இல்லை, தொங்காது. ஆனால் காரில் பிடித்துப் பார்த்தபோது, கூரையின் துருப்பிடித்த தகரம் வலைக்குள் வைத்த கருவாடு மாதிரி தெரிந்தது.

பிறகு எனக்கு ஓர் அபாரமான யோசனை வந்தது. வாங்க ஆளில்லாமல் ரப்பர் ஷீட்டுகள் ஸ்டோரில் மலையாகக் கிடந்தன. துணி எதற்கு, கித்தாவையே ஒட்டிவிட்டால்? மழை இறங்காது, கிழியாது, தைக்கவும் வேண்டாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, ஒரு ஷீட்டைக் கட்டிலில் ஒட்டி, வெயிலில் போட்டு, இவரைக் கீழே உட்கார வைத்தேன். வெயில் ஏற ஏற ஷீட் இளகியது. அது விழுந்தபோது சத்தமே வரவில்லை. தோசைக்கல்லில் மாவு ஊற்றியது மாதிரி இவர் தலைமேல் படிந்துகொண்டது. அன்றைக்குப் பார்த்துக் கிண்ணமும் வைக்கவில்லை. ஷீட் வந்தது, கூடவே முடியும் வந்தது. மிச்சத்தை மொட்டை அடித்துத்தான் எடுத்தோம். லயத்தில் எந்தக் கோவிலுக்கு வேண்டுதல் என்று கேட்டார்கள். சயாமுக்குப் போகாமல் இருக்க என்று இவர் சொன்னார். அது பொய்யும் இல்லை.

மிஞ்சியது என் கூறைச்சேலை. அதைக் கையில் எடுத்தேன். இவர் வாங்கித் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு, "சயாமுக்கே போயிக்கிறேன், இதை உள்ள வைலா," என்றார். அவர் எனக்குச் சொன்ன காதல் வசனம் வாழ்நாளில் அது ஒன்றுதான். சேலையை வைக்கும்போதுதான் அடியில் மடித்திருந்த கிளித்திரை கண்ணில் பட்டது.

விரித்துப் பார்த்தேன். கனமில்லை, வெளிச்சம் ஊடுருவவில்லை, இழுத்தால் தொய்யவில்லை. கட்டிலில் கட்டி ஆட்டினேன், ஒரு நூல்கூட உதிரவில்லை. இவர் கீழே இருந்தபடியே மேலே பார்த்து, "பங்களா துணியாச்சே," என்றார்.

"தொப்பி துரை வந்தப்போ பங்களாவுல ஒரு திரையாச்சும் இருந்திச்சா?"

"இல்ல."

"அப்ப அவருக்கு இது பங்களா துணின்னு எப்படித் தெரியும்?"

அவர் யோசித்தார். கீழேயிருந்து எழுந்து வந்தார். என் வாதத்தில் ஓட்டை இல்லைதான். ஆனால் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

பழைய கூரைத்துணியைப் பிரித்து எடுத்து, அதையே அளவாக வைத்துத் தைத்தேன். எல்லாம் நேர்கோடு. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக நீளமான தலையணை உறை அது. கூரையின் மரச்சட்டங்களில் சின்ன ஆணி வைத்து அடித்து, ஓரங்களைக் கித்தாப் பாலால் ஒட்டினோம். காருக்குள் கொஞ்சம் புளித்த வாடை அடித்தது. ஆனால் மேலே ஒரு சுருக்கம் இல்லை, அத்தனை கிளிகளும் விறைப்பாக இருந்தன.

தொப்பி துரை வந்தார். உட்கார்ந்தார். தொப்பியைத் தொட்டுப் பார்த்தார், மேலே பார்த்தார். பிறகு மெல்லத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் நன்றாக அண்ணாந்து பார்த்தார். மலாயில் "பாகுஸ்" என்றார். நல்லது என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை நான் லயம் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன துணி என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாகுஸ் சொன்னதை மட்டும்தான் சொன்னேன். மிச்சத் துணியில் எனக்கு ஒரு ரவிக்கையும் தைத்துக்கொண்டேன், காருக்கு ஜோடியாக.

பெரிய அதிகாரி வரும் நாளுக்கு முந்தின தினம் மண்டோர் சின்னையா வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். இடுப்பு வளையக் குனிந்து வணங்க வேண்டும். முக்கியமாக, யாரும் சாக்குக் கட்டிக்கொண்டு வரக்கூடாது. இருப்பதில் நல்ல துணியைப் போட வேண்டும்.

இருப்பதில் நல்ல துணி எது?

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் அதிகாரியை அழைத்துவரக் கிளம்பிப் போய்விட்டார். நான் புது ரவிக்கையோடு முன்வரிசையில் இடம்பிடித்தேன். யார் தைத்தது என்று கேட்டால் ஓடிவரத் தோதாக இருக்குமே. அப்புறம் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சாவகாசமாகத் திரும்பிப் பார்த்தேன்.

மண்டோர் சின்னையா கிளிச்சட்டையில் நின்றார். பக்கத்தில் அவர் சம்சாரம், கிளிப்பாவாடை. அதற்கப்பால் கிளித் தலைப்பாகை. கிளி ரவிக்கைகள், கிளிக் கால்சட்டைகள், ஒரு கைக்குழந்தையைச் சுற்றியிருந்த கிளித்துண்டு. பெரட்டுக் களம் முழுக்க வெளிர் நீலமாக, சிவப்பு மூக்குகளாக இருந்தது. இத்தனை நாளும் இதே ஜனங்களை இதே துணியில் திருவிழாவில் பார்த்தவள்தான் நான். அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு மண்டோர் குனிந்து கேட்டார். "என்னா செல்லம், காடிக்கு என்ன துணி போட்டே?"

"நம்ம துணிதாண்ணே."

"நம்ம துணின்னா?"

நான் அவர் சட்டையைப் பார்த்தேன். அவரும் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

விஷயம் வரிசை வரிசையாகப் பின்னால் போனது. போன இடமெல்லாம் பேச்சு நின்றது. ஓடலாம் என்றால் களத்தைச் சுற்றித் துப்பாக்கியோடு சிப்பாய்கள். ஒருவர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டார். சீமைத் துணி, சாயம் மறுபக்கமும் பிடித்திருந்தது. பெண்கள் கையால் மறைத்தார்கள். ஒரு கிளியை மறைத்தால் இன்னொரு கிளி எட்டிப் பார்த்தது. மண்டோர் சட்டையைக் கழற்றப் போனார், பொத்தான் நான் வைத்தது, வரவில்லை. (நான் தைத்ததில் உறுதியாக நின்றது அது ஒன்றுதான். அன்றைக்கென்று நின்றது.) அதற்குள் கார் வந்துவிட்டது.

குனியச் சொல்லிச் சத்தம் வந்தது. குனிந்தோம். முதுகில் இருந்த கிளிகள் எல்லாம் மேலே வந்தன.

நான் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனிதர் இறங்கினார். சிரம்பானிலிருந்து அவ்வளவு தூரமும் அந்தக் கிளிகளுக்கு அடியில் உட்கார்ந்து வந்தவர். எங்களைப் பார்த்தார். திரும்பிக் காருக்குள் தலையை விட்டு மேலே பார்த்தார். வெளியே வந்து மறுபடியும் எங்களைப் பார்த்தார். பிறகு தொப்பி துரையிடம் அமைதியாக ஏதோ கேட்டார். தொப்பி துரையின் கழுத்து சிவந்தது. அவர் எங்கள் பக்கம் வந்து, இது என்ன, எங்கிருந்து வந்தது இந்தத் துணி என்று மலாயில் கேட்டார்.

மண்டோர் சின்னையா என்னை முன்னால் தள்ளிவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் தள்ளியிருப்பேன். எனக்கு மலாய் நன்றாக வரும், கடைக்காரர் மகள். ஆனால் பயத்தில் படித்தது கேட்டது அத்தனையும் ஓடிப்போய், ஒரே ஒரு வார்த்தை மட்டும் வாசலில் நின்றது.

"சாமா," என்றேன். ஒன்றுபோல என்று அர்த்தம். அவர் முறைத்தார். "சாமா சாமா," என்றேன்.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரரின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஆனால் அந்த மொட்டைத்தலைக்குள் அந்த நிமிஷம் என்ன ஓடியதோ தெரியாது. ஒரு எட்டு முன்னால் வந்து, குனிந்து, மலாயில் சொன்னார்: ஆமாம் துரை, ஒன்றுபோல. காரும் துரையுடையது, ஆட்களும் துரையின் ஆட்கள். அதனால் காருக்கு என்ன துணியோ அதே துணி எங்களுக்கும்.

பின்னால் நின்ற ஜனங்களுக்கு இது எதுவும் சரியாகக் காதில் விழவில்லை. நான் சொன்னது ஏதோ ஜப்பான் வணக்கம் போலிருக்கிறது, அதைச் சொன்னால் தப்பிக்கலாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மொத்தத் தோட்டமும் மறுபடி குனிந்து "சாமா சாமா" என்றது.

பெரிய அதிகாரி எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், சத்தியமாகச் சொல்கிறேன், அவரும் லேசாகத் தலை குனிந்தார்.

ஏன் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. ஜப்பான் மொழியில் பெரிய மனிதர்களின் பெயருக்குப் பின்னால் மரியாதைக்குச் சேர்க்கும் சொல்லாம் சாமா. பேத்தி எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். நாங்கள் அன்றைக்கு அவரை "ஐயா, ஐயா" என்று ஒரே குரலில் கும்பிட்டிருக்கிறோம்.

உயிர் தப்பியது. ஆனால் பெரிய அதிகாரிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இனிமேல் இந்தத் தோட்டத்தில் எல்லாரும் எப்போதும் இதே துணியில்தான் பெரட்டுக்கு நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். கிளியில்லாதவர்களும், கிளி கிழிந்துபோனவர்களும் தோட்டத்தில் நிறைய இருந்தார்கள். புதுத்துணிக்கு எங்கே போவது? ஒரே வழிதான். இருந்த சட்டை, பாவாடை, தலைப்பாகை எல்லாவற்றையும் வெட்டி, ஆளுக்கு ஒரு கிளியாவது வருகிற மாதிரி சாக்குமேல் வைத்துத் தைக்க வேண்டும். தைக்க வேண்டியது யார் என்று யாரும் விவாதிக்கவில்லை. மண்டோர் சின்னையா அந்தச் சட்டையை என்னிடம் கொடுத்தபோது, செத்த வீட்டுக்குப் போகிற மாதிரி சம்சாரத்தையும் துணைக்கு அழைத்து வந்திருந்தார். "பாத்து வெட்டும்மா," என்று மட்டும் சொன்னார். ஜப்பான்காரன் போகிறவரை எங்கள் தோட்டம் நெஞ்சில் கிளியோடு பால் வெட்டியது. என் வீட்டுக்காரரைச் சயாமுக்கு அனுப்பவில்லை. கூரையும் தொங்கவில்லை.

சண்டை முடிந்து துரையும் துரைசானியும் ஜப்பான்காரன் சிறையிலிருந்து திரும்பி வந்தார்கள். இரண்டு பேரும் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் பெரட்டுக் களத்தில் கூடினோம். போட்டுக்கொள்ள வேறு துணி ஏது? துரைசானி சாக்குகளின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த தன் கிளிகளைப் பார்த்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. பிறகு என் வீட்டுக்காரர் திறந்துவிட்ட காருக்குள் ஏறி உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

வந்ததும், இதைத் தைத்தது யார் என்று கேட்டார். இந்த முறை யாரும் என்னைத் தள்ளவில்லை, நானே போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் மெதுவாகச் சொன்னார்:

"கிளி எல்லாம் தலைகீழா இருக்கும்மா."

ஓடிப் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். இருந்தது. அத்தனை கிளியும் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஜப்பான் அதிகாரிகள், ஒரு டிரைவர், தைத்த நான், இத்தனை பேரில் ஒருவரும் அதுவரை கவனிக்கவில்லை.

இப்போது சிரம்பான் லோபாக்கில் மகன் வீட்டில் இருக்கிறோம். போன வருஷம் பேத்தி கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி சேலை எடுத்தார்கள், இப்போது அதுதான் பேஷனாம். போட்டோவுக்கு எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். இவர் நடுவில் நிற்க வேண்டியவர். படம் பிடிக்கிற பையன் ரெடி என்றதும், எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாமா சாமா" என்று இடுப்பு வளையக் குனிந்துவிட்டார். பெண்கள் எல்லாம் சிரித்ததில் இரண்டாவது படம் எடுக்கவே முடியவில்லை. ஹாலில் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நாங்கள் அத்தனை பேரும் வாயைத் திறந்து சிரிக்கிறோம். நடுவில் தாத்தாவின் முதுகு மட்டும் இருக்கிறது.